சாமி படங்களுக்கு நடுவே ஒரு துரை

தேனியிலிருந்து கம்பத்துக்குப் பஸ் ஏறினால் வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று ஊர்கள் வரிசையாக வரும். இடப்பக்கம் மேகமலை, வலப்பக்கம் கேரள எல்லை மலை, நடுவில் நெல்வயல், வாழை, தென்னை, திராட்சைப் பந்தல். இவற்றில் எந்த ஊரில் இறங்கினாலும் ஒரு உரக்கடையிலோ டீக்கடையிலோ கல்லாவுக்கு மேலே சுவரைப் பாருங்கள். முருகன் இருப்பார், லட்சுமி இருப்பாள், வீரபாண்டி கௌமாரியம்மன் இருப்பாள். அந்த வரிசையிலேயே கோட்டும் அடர்ந்த மீசையுமாக ஒரு வெள்ளைக்காரரும் இருப்பார். சில இடங்களில் கண்ணாடிமேல் சந்தனப் பொட்டு, குங்குமம். சில இடங்களில் வாடிய கதம்ப மாலை. வீட்டுக்குள் போனால் இறந்துபோன தாத்தாவின் படத்துக்குப் பக்கத்தில் அவரைப் பார்க்கலாம்.

கர்னல் ஜான் பென்னிகுக். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர். அரசு அறிவிப்புகளில் பென்னிகுவிக் என்றும் பென்னிகுயிக் என்றும் எழுதுகிறார்கள். பள்ளத்தாக்கு மக்கள் வாயில் அது பென்னிகுக்தான். ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்குத் தெற்கே இருக்கும் ஓர் ஊரின் பெயரிலிருந்து வந்த குடும்பப்பெயர் அது. அங்கே அதைச் சொல்கிற விதமும் ஏறக்குறைய இதுதான். எழுத்தைப் பார்த்துப் படித்தவர்கள் தவறவிட்டதைக் காதால் கேட்டுத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தவர்கள் சரியாக வைத்திருக்கிறார்கள். இந்தக் கட்டுரையிலும் அவர்கள் சொல்வதுபோலவே எழுதுகிறேன்.

இந்தியாவில் அணை கட்டிய வெள்ளைக்காரப் பொறியாளர்கள் பலர். அவர்களில் குடியானவர் வீட்டுச் சுவரில் இடம் கிடைத்தவர்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். கோதாவரிக் கரையில் ஆர்தர் காட்டன் ஒருவர். இங்கே பென்னிகுக். இந்தப் படம் எப்படிச் சுவருக்கு வந்தது, அதன்மேல் என்னென்ன கதைகள் ஏறின, அந்தக் கதைகளில் ஆவணம் எவ்வளவு, ஆசை எவ்வளவு என்பதைக் கேட்டுப் பார்க்க வேண்டிய காலம் இது என்று நினைக்கிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒருவர் முகத்தை எண்ணெய் வண்ணத்தில் தீட்டி வைப்பது காசும் பதவியும் உள்ளவர்களுக்கான காரியம். ஓவியர் முன்னால் பலநாள் உட்கார வேண்டும், கித்தான் வேண்டும், ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம் வேண்டும், தங்க முலாம் பூசிய சட்டம் வேண்டும், கடைசியில் அதை மாட்டுவதற்கு உயரமான சுவர் உள்ள மாளிகை வேண்டும். சென்னையில் அப்படிப்பட்ட படங்கள் மாட்டியிருந்த இடம், இன்று ராஜாஜி மண்டபம் என்று நாம் அழைக்கும் விருந்து மண்டபம். அந்தக் கால ஆளுநர்களின் எண்ணெய் ஓவியங்களைக் கோட்டை அருங்காட்சியகத்தில் இப்போதும் பார்க்கலாம். ஆளுநராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவை 1880 வாக்கில் தீட்டியவர் ரவிவர்மா. அந்தப் பிரபுவின் ஆட்சியில்தான் 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வந்தது. மதுரைச் சீமையும் தென்மாவட்டங்களும் எலும்பும் தோலுமாய்க் கிடந்த ஆண்டுகள் அவை. அந்த ஆண்டுகளில் நாட்டை ஆண்டவருக்கு ரவிவர்மாவின் தூரிகை கிடைத்தது. பஞ்சத்துக்குப் பிறகு தண்ணீர் கொண்டுவந்த பொறியாளருக்குக் கிடைத்தது டீக்கடைச் சுவர். எனக்கு இதில் இரண்டாவதுதான் பெரிய மரியாதையாகப் படுகிறது.

அமெரிக்காவிலும் அந்தக் காலத்து அரசியல் தலைவர்களின் முகங்கள் ஓவியர் பட்டறை வழியாகத்தான் ஊருக்குள் வந்தன. கில்பர்ட் ஸ்டூவர்ட் 1796இல் ஜார்ஜ் வாஷிங்டனை நேரில் உட்காரவைத்து ஒரு படம் எழுதத் தொடங்கினார். முகம் முடிந்ததும் மற்றதை முடிக்காமலே தன்னிடம் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்துப் பார்த்து வாழ்நாள் முழுக்க நகல் எழுதி விற்றார். இன்றைக்கு ஒரு டாலர் நோட்டில் இருக்கும் முகம் அந்த முடியாத படத்திலிருந்து வந்ததுதான். அவர் வரைந்த வாஷிங்டன் படங்களைப் பார்த்து மற்ற ஓவியர்களும் நகல் எடுத்தார்கள். அப்படி ஒரு படம் இந்தியாவுக்கே வந்தது. கல்கத்தாவில் அமெரிக்கக் கப்பல்களுக்குச் சரக்கு பிடித்துக் கொடுத்துவந்த ராம்துலால் டே என்ற வணிகருக்கு, நன்றிக்கடனாக அமெரிக்க வணிகர்கள் 1801இல் வாஷிங்டனின் ஆளுயர எண்ணெய் ஓவியத்தை அனுப்பினார்கள். எழுதியவர் வில்லியம் வின்ஸ்டன்லி. கடல் கடந்த நாட்டுத் தலைவர் ஒருவர் ஒரு வங்காளி வீட்டுச் சுவரில் தொங்கினார். அந்தப் படம் பின்னாளில் அமெரிக்காவுக்கே திரும்பிப் போய்விட்டது.

ஒரு நேர்ப்படம், அதிலிருந்து நூறு நகல்: இந்த வழி கம்பம் பள்ளத்தாக்குக்கும் பொருந்தும். சுவர்களில் நாம் காணும் பென்னிகுக் முகங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். எல்லாமே ஒன்றிரண்டு பழைய கறுப்பு வெள்ளை நிழற்படங்களின் பிள்ளைகள் என்பது புரியும். கறுப்பு வெள்ளையில் கோட்டுக்கு நிறம் கிடையாது, கண்ணுக்கும் கிடையாது. அதனால் ஓவியருக்கு ஓவியர் மாறுகிறது. ஒன்றில் நீலக் கோட்டு, இன்னொன்றில் பழுப்பு. ஒன்றில் பூனைக்கண், இன்னொன்றில் நம்மூர்க் கருவிழி. கன்னத்தில் ரோஜா நிறம் ஏற்றியவர் உண்டு, மாநிறத்துக்குக் கொண்டுவந்துவிட்டவர் உண்டு. பக்கத்து மாவட்டங்களில் கோவில்பட்டி கொண்டையராஜு பள்ளி ஓவியர்களும் சிவகாசி அச்சகங்களும் சாமி படங்களுக்கு ஒரு முகலட்சணத்தைப் பழக்கிவிட்டிருந்தார்கள்: பளபளக்கும் கன்னம், அருள் பொங்கும் பார்வை, பின்னால் ஒரு ஒளி. தென்மாவட்டத்தில் வண்ணம் தொட்ட கைகளுக்கு அந்தப் பழக்கம் எளிதில் விடாது. அந்த லட்சணம் துரையின் முகத்திலும் ஏறியிருக்கிறது. படத்துக்குப் பின்னணியாக அணையை வரைந்தவர்கள் சாமிக்குப் பின்னால் கோபுரம் வரைவது போலவே வரைந்திருக்கிறார்கள்.

ஸ்டூவர்ட்டின் நகல்களுக்கும் இவற்றுக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. அங்கே அரசும் செல்வரும் காசு கொடுத்து எழுதச் சொன்னார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் வீட்டுச் சுவரில் மாட்டும்படி எந்த அரசாணையும் போகவில்லை. நெல் விற்ற காசில் சட்டம் போட்டு மாட்டிய படங்கள் இவை.

அந்த மனிதரின் வாழ்க்கைக்கு வருவோம். பென்னிகுக் பிறந்தது இந்தியாவில், புனேயில், 1841 ஜனவரி 15. தகப்பனாரும் படைவீரர். இரண்டாம் சீக்கியப் போரில் 1849 ஜனவரி 13 அன்று சில்லியன்வாலாவில் அவர் இறந்தார். அதே களத்தில் அவர் மகன் அலெக்சாண்டரும் இறந்தார். அப்போது ஜானுக்கு எட்டு வயது முடிய இரண்டே நாள். இங்கிலாந்தில் செல்டன்ஹாமிலும் அடிஸ்கம் படைக் கல்லூரியிலும் படித்து, 1858இல் மதராஸ் பொறியாளர் படையில் சேர்ந்து, 1860இல் இந்தியா வந்தார். அபிசீனியப் படையெடுப்புக்குப் போய்வந்தார். 1879இல் கிரேஸ் ஜார்ஜியானா சாமியரை மணந்தார். ஐந்து பெண்கள், ஒரு பையன். அந்தப் பையன் பின்னாளில் இங்கிலாந்தில் நீதிபதியானார். அணை முடிந்த மறுவருஷம் 1896இல் பணி ஓய்வு. பிறகு கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரிக்குத் தலைவர். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்து வெள்ளத்தைத் தடுக்க யோசனை சொல்ல 1899இல் அங்கேயும் போனார். 1911 மார்ச் 9 அன்று இங்கிலாந்தின் கேம்பர்லியில் காலமானார். ஃபிரிம்லி புனித பேதுரு ஆலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது.

இனி அணை. மேற்கே ஓடி அரபிக்கடலில் வீணாகும் பெரியாற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்ப வேண்டும் என்ற எண்ணம் பென்னிகுக்குடையது அல்ல. அவர் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1789இல், இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆட்களை அனுப்பி இடம் பார்த்துவரச் செய்தார். கஜானாவில் பணம் போதாமல் அது நின்றது. 1808இல் ஜேம்ஸ் கால்டுவெல் என்ற கம்பெனி அதிகாரி பார்த்துவிட்டு ஆகாத காரியம் என்று எழுதிவிட்டார். 1850இல் சின்ன முல்லையாற்றில் ஒரு சிறு வேலை தொடங்கிக் காய்ச்சலுக்குப் பயந்து கைவிட்டார்கள். 1860களில் ரைவ்ஸ் என்பவர் ஒரு திட்டம் தீட்டினார், 1870இல் ஸ்மித் என்பவர் இன்னொன்று. அவர்கள் மண் அணை என்றார்கள். 1882இல் பொறுப்பு பென்னிகுக் கைக்கு வந்தபோது அவர் சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காறையால் அணை என்று மாற்றினார். சுர்க்கி என்பது சுட்ட செங்கல்லின் பொடி. நம்மூர்க் கொத்தனார்களுக்குப் புதிய சங்கதி அல்ல; அதை 155 அடி உயரத்துக்கு ஒரு காட்டாற்றின் குறுக்கே எழுப்பலாம் என்று நம்பியதுதான் புதிது.

இடம் திருவிதாங்கூருடையது. 1886 அக்டோபர் 29 அன்று குத்தகைப் பத்திரம் கையெழுத்தானது: 8,000 ஏக்கர், 999 ஆண்டுகள், ஏக்கருக்கு 5 ரூபாய், வருஷத்துக்கு 40,000 ரூபாய். 1887இல் வேலை தொடங்கியது. மலையடிவாரத்தில் குருவனூத்துப் பக்கம் சுண்ணாம்புக்கல் எடுத்து, கம்பிவடத்தில் தொங்கவிட்டு மலையேற்றினார்கள். ஆற்றில் வெள்ளம் வந்தால் போட்ட அடித்தளம் போய்விடும். வெள்ளம் வடிந்தால் மலேரியா வரும். கோடையில் காய்ச்சலுக்குப் பயந்து ஆட்கள் இறங்கிவிடுவார்கள். ஆண்டில் வேலை நடக்கும் மாதங்கள் கொஞ்சம்தான். அணையிலிருந்து வரும் நீரைத் தமிழ்நாட்டுப் பக்கம் விட ஒரு மைலுக்கும் கூடுதலான சுரங்கத்தைப் பாறையில் வெடிவைத்துக் குடைந்தார்கள். 1,200 அடி நீள அணை எழும்பி நின்றது. 1895 அக்டோபர் 10 அன்று சென்னை ஆளுநர் வென்லாக் திறந்துவைத்தார்.

அந்தத் தண்ணீர் பள்ளத்தாக்கில் என்ன செய்தது என்பதை ஜூன் மாதம் முதல் தேதி வந்து பார்த்தால் தெரியும். தேக்கடித் தலைமதகைத் திறக்கும் நாள் அது. லோயர்கேம்ப்பில் இறங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம் என்று வயலுக்கு வயல் தண்ணீர் ஏறும்போது நாற்றங்கால் உழத் தொடங்குவார்கள். பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நெல் இந்த நீரை நம்பி இருக்கிறது. வைகை வழியாகப் போய் மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம், திண்டுக்கல் பக்கம் சேர்வதையும் கூட்டினால் 2 லட்சம் ஏக்கர் அளவுக்கு வரும். போகிற வழியில் பெரியாறு மின்நிலையத்தில் மின்சாரமும் எடுக்கிறார்கள். வானத்தைப் பார்த்துக் கிடந்த சீமை இருபோகம் விளைந்ததைக் கண்ட முதல் தலைமுறைக்கு அந்தத் துரையின் பெயர் மந்திரமானதில் ஆச்சரியம் இல்லை. பிள்ளைகளுக்குப் பென்னிகுக் என்று பெயர் வைத்தார்கள். தேனிக்குப் பக்கத்துப் பாலார்பட்டியில் தைப்பொங்கலோடு சேர்த்து அவர் பிறந்தநாளுக்கும் பொங்கல் வைக்கிறார்கள். அவர் பிறந்த ஜனவரி 15 பல ஆண்டுகளில் தை முதல் நாளாகவே அமைந்துவிடுகிறது. இயற்கையே போட்ட முடிச்சாக அதை ஊர் எடுத்துக்கொண்டது.

இனிதான் சிக்கலான இடம். படத்தைக் காட்டி யாரிடம் கேட்டாலும் ஒரே கதையைச் சொல்வார்கள். பாதி கட்டிய அணையை வெள்ளம் அடித்துப் போய்விட்டது. இனிப் பணம் தரமாட்டோம் என்று சர்க்கார் கைவிரித்துவிட்டது. துரை சீமைக்குப் போய்ச் சொத்தையெல்லாம் விற்று, பெண்டாட்டி நகையையும் விற்று, அந்தப் பணத்தில் வந்து அணையைக் கட்டி முடித்தார். சொல்கிறவர் குரல் இந்த இடத்தில் இறங்கும். கேட்கிறவர் கண்ணும் கலங்கும். பள்ளிக்கூட மேடைகளிலும் அரசியல் மேடைகளிலும் பத்திரிகைகளிலும் இதே கதை.

வெள்ளம் அடித்தது உண்மை. வேலையில் இடையிடையே பட்ட சேதமும் உண்மை. சொத்து விற்ற பகுதிக்கு ஆவணம் துணை நிற்கவில்லை. இது இந்திய மந்திரிக்காகச் சென்னை மாகாண அரசு கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் பேரில், மாகாண அரசின் கணக்கில் நடந்த வேலை. பாசன வரியாகப் பணம் திரும்பும் என்று கணக்குப் போட்டே இதில் இறங்கினார்கள். சம்பளத்துக்கு வேலை பார்த்த படைப் பொறியாளர் ஒருவர் தன் வீட்டை விற்ற தொகையால் ஈடுகட்டக்கூடிய செலவும் அல்ல இது. அணை வேலையில் இருந்த மெக்கன்சி திட்டத்தின் வரலாற்றை 1899இல் புத்தகமாகவே எழுதினார். பென்னிகுக்கும் 1897இல் பெரியாற்றைத் திருப்பியது பற்றி லண்டன் சிவில் பொறியாளர் நிறுவனத்துக்கு ஒரு கட்டுரை எழுதித் தந்தார். பணமும் கணக்கும் பேசப்பட்ட அந்த எழுத்துகளை விட்டுவிட்டு மேடைப் பேச்சை ஆவணமாக எடுத்துக்கொள்ள ஆய்வாளனால் முடியாது.

இதைச் சொன்னால் கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். துரையைக் குறைத்துப் பேசுவதாக நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கதையை இன்னொரு பக்கமிருந்து பாருங்கள். சொத்தை விற்று, பெண்டாட்டி நகையை அடகுவைத்துத் தண்ணீருக்காகச் செலவு செய்கிறவர் யார்? கிணறு வெட்டும் குடியானவர். தென்மாவட்டத்தில் மானாவாரி நிலம் வைத்திருந்த குடும்பங்களைக் கேளுங்கள். கிணறு தோண்ட, தோண்டிய கிணற்றை ஆழப்படுத்த, போர் போட, போர் தவறினால் இன்னொரு போர் போட என்று கழுத்திலிருந்து கழற்றிய நகைகளின் கணக்கு வீட்டுக்கு வீடு இருக்கும். தாலிக்கொடி வரைக்கும் போனவர்கள் உண்டு. தண்ணீருக்காக ஒரு மனிதன் செய்யக்கூடிய மிகப் பெரிய தியாகம் எது என்று அந்தக் குடும்பங்களுக்குத் தெரியும், ஏனென்றால் அதை அவர்கள் செய்திருக்கிறார்கள். தங்களுக்குத் தெரிந்த அந்தத் தியாகத்தைத் தூக்கித் துரைக்குக் கொடுத்தார்கள். அந்தக் கதையில் வரும் நகை கிரேஸ் சாமியருடையது அல்ல, கூடலூர்ப் பக்கத்து ஏதோ ஒரு அம்மாவுடையது என்பதுதான் என் முடிவு. ஆவணமாக அந்தக் கதை நிற்காது. பள்ளத்தாக்குத் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட வாக்குமூலமாக அது ஆவணத்தைவிட மேலானது.

படங்கள் இவ்வளவு பெருகியதற்கு இன்னொரு காரணம் அண்மைக் காலத்தில் இருக்கிறது. 1979இல் அணையின் பாதுகாப்பு குறித்துக் கேரளத்தில் அச்சம் எழுந்தது. 152 அடி வரை தேக்கிய நீரை 136 அடியாகக் குறைத்தார்கள். அணையைப் பலப்படுத்தும் வேலை முடிந்தபின் மட்டத்தை உயர்த்துவது என்ற பேச்சு வழக்காக மாறி வருஷக்கணக்கில் இழுத்தது. உச்சநீதிமன்றம் 2006 பிப்ரவரி 27 அன்று 142 அடிக்கு அனுமதித்தது. அதைத் தடுக்கக் கேரளம் சட்டம் கொண்டுவந்தது. 2014 மே 7 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டத்தைச் செல்லாதென்றது. அந்த ஆண்டு நவம்பரில் தண்ணீர் 142 அடியைத் தொட்டபோது பள்ளத்தாக்கில் வெடி வெடித்தார்கள். இடைப்பட்ட 35 ஆண்டுகளில், குறிப்பாக 2011 கடைசியில் குமுளி நோக்கிக் கூட்டம் கூட்டமாக மக்கள் நடந்த நாட்களில், பென்னிகுக்கின் முகம் வீட்டை விட்டுத் தெருவுக்கு வந்தது. ஆட்டோவின் பின்பக்கம், டிராக்டரின் முன்பக்கம், ஃபிளெக்ஸ் பேனர், போராட்டப் பந்தல் என்று எங்கும் அவர். பூசைக்கு வைத்த படம் வழக்குக்குச் சாட்சியாக நின்றது. பிறகு அரசும் வந்தது: லோயர்கேம்ப்பில் 2013 ஜனவரி 15 அன்று மணிமண்டபம் திறந்தார்கள். தேனிப் புதிய பேருந்து நிலையத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். 2022 செப்டம்பரில் தமிழக அரசின் செலவில் கேம்பர்லியில் சிலை வைத்தார்கள். ஆங்கிலேயர் நம்மூரில் தங்களுக்குச் சிலை வைத்துக்கொண்ட காலம் உண்டு. ஓர் ஆங்கிலேயருக்கு அவர் ஊரிலேயே தமிழர் போய்ச் சிலை வைத்தது அபூர்வம்.

மரியாதை இவ்வளவு உயர்ந்தபிறகு வரலாறு சறுக்காமல் இருப்பது கடினம். 2021இல் மதுரை நத்தம் சாலையில் கலைஞர் நூலகத்துக்கு இடம் தேர்ந்தபோது, அங்கிருந்த பழைய பொதுப்பணித்துறைக் கட்டடம் பென்னிகுக் வாழ்ந்த வீடு, அதை இடிக்கக் கூடாது என்று எதிர்ப்பு எழுந்தது. அதிகாரிகள் கோப்பை எடுத்துப் பார்த்தார்கள். கட்டடம் கட்டியது 1912, 1913 ஆண்டுகளில். துரை இறந்தது 1911இல். ஒரே ஒரு தேதி போதுமானதாக இருந்தது. நம்பிக்கைக்கும் கோப்புக்கும் இடையே இப்படி மோதல் வரும்போது நம்மவர்கள் கோப்பைச் சந்தேகிக்கிறார்கள். நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்கிறேன். நம்பிக்கையைக் கேலிசெய்து ஆய்வு நடக்காது. கோப்பை மறைத்து மரியாதையும் நிலைக்காது.

ஒன்று என்னை வருத்துகிறது. அணை வேலையில் நோயால் இறந்தவர்கள் 483 பேர் என்று பதிவாகியிருக்கிறது. அணைக்கு வடக்கே ஓரிடத்தில் அவர்களைப் புதைத்தார்கள். கூடை சுமந்தவர், கல் உடைத்தவர், சுண்ணாம்பு அரைத்தவர், குளிர்காய்ச்சலில் விறைத்து விழுந்தவர். அவர்களில் ஒருவர் படத்தையும் எந்தக் கல்லாவுக்கு மேலேயும் நான் பார்த்ததில்லை. கூலிக்காரனை எந்த ஓவியர் தீட்டினார்? எந்த நிழற்படக்காரர் பிடித்தார்? 1789இல் மலையேறிப் பார்த்துவரச் சொன்ன முத்திருளப்ப பிள்ளையின் பெயர்கூடப் பள்ளத்தாக்கின் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? எண்ணெய் ஓவியமானாலும் கண்ணாடிப் படமானாலும் அதில் இடம் பிடிப்பவர் ஒருவராகத்தான் இருக்கிறார். அவரைச் சுற்றி நின்ற ஆயிரம் பேர் சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறார்கள். லோயர்கேம்ப் மணிமண்டபத்துக்கு வரும் பள்ளிப் பிள்ளைகள் துரையின் சிலைக்குப் பூ வைக்கும்போது அந்த 483 பேரையும் ஒரு நிமிடம் நினைக்கும்படி ஓர் ஏற்பாடு வேண்டும். பென்னிகுக்கின் மீது உண்மையான மதிப்பு வைத்தவர்களே அதைக் கேட்க வேண்டும்.

பழைய எண்ணெய் ஓவியங்களை ஆராய்கிறவர்கள் படம் கைக்கு வந்ததும் முதலில் அதைத் திருப்பிப் பார்ப்பார்கள். முகம் முன்பக்கம் இருந்தாலும் வரலாறு பின்பக்கத்தில்தான் இருக்கும். கித்தானின் நெசவு, கட்டையில் அடித்த ஆணி, வண்ணக்கடை முத்திரை, ஏலக்கடை ஒட்டிய சீட்டு, யாரோ பென்சிலில் கிறுக்கிய தேதி என்று ஒவ்வொன்றும் சாட்சி. வார்னிஷ் மஞ்சளித்து முகம் தெரியாமல் போன படத்தைக்கூடப் பின்பக்கத்தை வைத்து அடையாளம் கண்டுவிடுவார்கள்.

கம்பம் பள்ளத்தாக்கின் படங்களுக்கு அப்படி ஒரு கணக்கெடுப்பு நடக்க வேண்டும். சுவரில் தொங்கிய பழைய கண்ணாடிப் படங்கள் வேகமாகப் போய்க்கொண்டிருக்கின்றன. வீடு மாற்றிக் கட்டும்போது கரையான் அரித்த சட்டத்தைக் குப்பையில் போட்டுவிட்டுப் புது ஃபிளெக்ஸ் அச்சை மாட்டுகிறார்கள். புதிய அச்சில் நிறம் பளிச்சென்று இருக்கும். எங்கிருந்து வந்தது என்ற தடம் இருக்காது. பள்ளத்தாக்குக்காரர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டிலோ கடையிலோ பழைய பென்னிகுக் படம் இருந்தால், தூக்கிப் போடும் முன் கீழே இறக்கித் திருப்பிப் பாருங்கள். பின்னட்டையில் சட்டம் போட்ட கடையின் சீட்டு, அச்சகத்தின் பெயர், காலண்டரின் வருஷம், தாத்தா எழுதிவைத்த தேதி ஏதாவது ஒட்டியிருக்கும். அதைச் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். யார் வாங்கி மாட்டினார்கள், எந்த வருஷம், என்ன சொல்லி மாட்டினார்கள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதி அந்தப் படத்தின் முதுகிலேயே ஒட்டிவிடுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.